ராம்கர் சாலையில் கொட்டிய தண்ணீர்

சைக்கிளில் ராஜஸ்தான் எல்லையோரம் போய்வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. யாராவது கேட்டால் தனோட் கோவிலைப் பற்றிச் சொல்கிறேன். லோங்கேவாலாவில் நிற்கும் டாங்கிகள், தார்ச்சாலையை மூடிக் கிடக்கும் மணல், ராத்திரி வானம் எல்லாவற்றையும் சொல்கிறேன். லோங்கேவாலாவிலிருந்து ராம்கர் போகிற வழியில் ஒரு மத்தியானம் நான் செய்த காரியத்தை மட்டும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு லிட்டர் தண்ணீரைத் தரையில் கொட்டினேன், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ நிற்கும்போதெல்லாம் அந்த மணலில் விழுந்த ஈரத் திட்டு கண்முன் வருகிறது. எழுதிப் பார்த்தால் என்னவென்று எனக்கே புரியலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன பிப்ரவரியில் பூஜில் கிளம்பி, வெள்ளை ரண் என்கிற உப்புவெளியின் நடுவே போகும் சாலையில் தோலாவீராவைத் தொட்டு, பார்மேர், ஜெய்சல்மேர் வழியாக மேலே ஸ்ரீகங்காநகர் வரை போவது என்பது திட்டம். கூட யாரும் இல்லை. ஜெய்சல்மேரிலிருந்து தனோட் 120 கி.மீ. அந்த வழியில் முதலில் காற்றாலைகள் வரும், அப்புறம் அவையும் குறைந்துவிடும். ராம்கர் தாண்டினால் சாலையும் மின்கம்பியும் மணலும்தான். அன்று ராத்திரி என் நோட்டில் ‘ஒன்றுமே இல்லாத இடம், மனசு லேசாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்பது அந்த இடத்தைப் பற்றிய செய்தி அல்ல. எனக்கு அங்கே எதையும் பார்க்கத் தெரியவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

தனோட்டில் கோவிலைப் பார்த்துக்கொள்வது எல்லைப் பாதுகாப்புப் படை. ஆரத்தி எடுப்பதும் ஜவான்கள்தான். 1965 போரில் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கில் குண்டுகள் விழுந்தும், கோவிலைச் சுற்றி விழுந்தவை வெடிக்கவில்லை என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வேண்டிக்கொண்டு கட்டிவிட்டுப் போன கைக்குட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு ஜவான் ஓடி வந்தார். சிவகங்கைப் பக்கம். மூன்று மாதமாக நேரில் ஒருவரிடமும் தமிழ் பேசவில்லை என்றார். நான் மறுநாள் போகும் வழியைக் கேட்டுக்கொண்டு, “அண்ணே, அஞ்சு லிட்டருக்குக் குறையாமத் தண்ணி எடுத்துக்கங்க. வழியில ஆடு மேய்க்கிறவங்க குடுப்பாங்க, நல்ல மனுசங்க. ஆனா அந்தத் தண்ணி நமக்குப் பழக்கமில்ல. வயித்துக்குப் போச்சுன்னா அங்க டாக்டர் கிடையாது” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தச் சொல் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது.

தனோட்டிலிருந்து தெற்கே

காலை ஏழரைக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். தனோட்டிலிருந்து லோங்கேவாலா நாற்பது கி.மீ.க்குள். அங்கிருந்து கிழக்கே திரும்பி ராம்கர் இன்னொரு நாற்பத்தைந்து. மொத்தம் 85 கி.மீ. என்பது சாதாரண நாள். பிரேமில் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள், பின் கேரியரில் மூன்று லிட்டர் பிடிக்கும் தண்ணீர்ப் பை. ஜவான் சொன்ன கணக்கு அப்படியே இருந்தது.

காலை முழுக்கக் காற்று முதுகில் இருந்தது. அங்கே குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தெற்கே போகிறவனுக்கு உதவி. சாலை மணல் மேடுகளின் மேலேயே ஏறி இறங்குகிறது. மேட்டின் உச்சியில் நின்றால் அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு என்று கறுப்பு நாடாவை விட்டெறிந்தது போலத் தெரியும். இறக்கத்தில் மிதிக்காமலே வண்டி ஓடும். ஆனால் அடிவாரத்தில் பாதிச் சாலையை மணல் மூடியிருக்கும். வேகமாகப் போய் அதில் விட்டால் முன்சக்கரம் புதைந்து ஆள் தூக்கி எறியப்படுவான். எறும்பு மாதிரி ஊர்ந்துதான் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் சேவண் புல், இலையே தெரியாத ஃபோக் புதர், ஆள் உயரத்துக்கு எருக்கு. எங்காவது ஒரு கேஜ்ரி மரம் தனியாக நிற்கும். கேஜ்ரி வேறொன்றும் இல்லை, நம் சிவன் கோவில்களில் தல விருட்சமாக நிற்கிற வன்னிதான். அதன் கிளைகளை ஆட்டுக்காக வெட்டி வெட்டித் தலை மட்டும் உருண்டையாக இருக்கும். வன்னியைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தி ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் போனேன்.

மேற்கே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், எல்லை கூடவே வந்துகொண்டிருந்தது. ராஜஸ்தான் மட்டும் பாகிஸ்தானோடு ஆயிரம் கி.மீ.க்கு மேல் எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. அனுமதி வாங்காமல் அந்தக் கோட்டைப் பார்க்கப் போக முடியாது. ஆனால் முந்தின நாள் ராத்திரி வானத்தின் அடியில் ஒரு மங்கிய மஞ்சள் வெளிச்சம் நீளமாகப் படுத்திருந்தது. அது வேலியின் விளக்கு என்று ஜவான்தான் சொன்னார். அதற்கு அந்தப் பக்கமும் இதே மணல், இதே எருக்கு.

லோங்கேவாலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1971 டிசம்பர் 4 ராத்திரி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 பேர் பாகிஸ்தானின் டாங்கிப் படையை விடியும்வரை தடுத்து நிறுத்தியதும், வெளிச்சம் வந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர் விமானங்கள் வந்து அடித்ததும் எல்லோருக்கும் தெரியும். இருட்டில் பறந்து தாக்கும் வசதி அந்த விமானங்களுக்கு இல்லை. அதனால் இரவு முழுக்க அவர்கள் தனியாகத்தான் நின்றிருக்கிறார்கள். கைப்பற்றிய டாங்கியின் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேன்டீனில் இரண்டு கச்சோரி தின்று டீ குடித்தேன். அங்கே தண்ணீர் இருந்தது. பாட்டில்களில் பாதிக்குக் கீழேதான் மிச்சம். ஆனாலும் நிரப்பவில்லை. பின்னால் பையில் மூன்று லிட்டர் அப்படியே இருக்கிறதே என்ற நினைப்பு.

பதினொன்றரைக்குக் கிழக்கே திரும்பினேன். காலையில் முதுகைத் தள்ளிய காற்று இப்போது முகத்தில் அறைந்தது. மணிக்கு இருபது போன வண்டி ஏழு, எட்டு என்று இறங்கிவிட்டது. மணல் தரையோடு தரையாகப் பாம்பு மாதிரி நெளிந்து சாலையைக் கடந்தது. பல்லுக்கிடையில் நறநறவென்றது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். மேட்டில் ஏறும்போது காற்றின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. ஒரு மணி வாக்கில் பாட்டில்கள் தீரும் நிலைக்கு வந்ததும் பின்னால் கையை விட்டேன். பை இல்லை. கட்டியிருந்த எலாஸ்டிக் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு வந்த மணல் திட்டு ஏதோ ஒன்றில் சத்தமில்லாமல் விழுந்திருக்க வேண்டும். எது, எவ்வளவு தூரத்தில் என்று தெரியாது. ஒரு மேடு வரை திரும்பிப் போய்ப் பார்த்தேன். நான் வந்த சக்கரத் தடத்தையே காற்று அழித்திருந்தது. ராம்கருக்கு இன்னும் முப்பது கி.மீ. இருந்தது. செத்துப்போகிற ஆபத்து இல்லை என்று தெரியும். சுற்றுலா வண்டிகள் எப்போதாவது போகும் சாலைதான். ஆனாலும் நாக்கு அண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தவுடன் அந்தத் தெளிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

பேரிகள் இருந்த இடம்

சாலையிலிருந்து முன்னூறு அடி தள்ளி, இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த ஓர் இடத்தில் வெள்ளாடுகள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சிவப்பும் கறுப்பும் கலந்த அச்சுப்போட்ட அஜ்ரக் துணியைத் தோளில் போட்டிருந்தார். நான் கையைத் தூக்கும் முன்பே அவர் தூக்கிவிட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். என் இந்தி அரைகுறை, அவர் பேசியது இந்தியும் அல்ல. “சாச்சா, பானி” என்றேன். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். அவர் காலடியில் ஒரு மண்பானை ஈரச் சாக்கு சுற்றி இருந்தது. அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் கேட்டது. அதை எனக்குத் தராமல் எழுந்து பத்தடி நடந்தார்.

அங்கே தரையோடு தரையாக ஒரு மரப்பலகை மூடி இருந்தது. அதற்குப் பூட்டு. சுற்றிலும் அதேபோல இன்னும் ஆறேழு மூடிகள். கிணறு என்றே முதலில் தோன்றவில்லை. ஓர் ஆள் உள்ளே இறங்கலாம், அவ்வளவுதான் வாய். லாரி டியூபை வெட்டித் தைத்த சின்ன வாளியைக் கயிற்றில் விட்டார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. அடியில் தொட்ட சத்தம், தண்ணீரில் விழும் சத்தமாக இல்லை. ஈரச் சேற்றில் கையை வைத்தால் வருமே, அந்த மாதிரி. மேலே வந்தபோது வாளியில் கால் பங்குதான் இருந்தது. மறுபடி விட்டார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. நான்கைந்து முறை. ஒவ்வொரு முறையும் கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றார். ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. தாகத்தில் எனக்கு எரிச்சல்கூட வந்தது என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

காத்திருந்த நேரத்தில் பேசினார். பாதிதான் புரிந்தது. அவர் அக்கா ‘உதர்’, அந்தப் பக்கம், இருக்கிறாள் என்று மேற்கே கையைக் காட்டினார். வேலி வருவதற்கு முன்னால் கல்யாணமாகிப் போனவள். மூனாபாவ் வழியாகப் பாகிஸ்தான் போன தார் எக்ஸ்பிரஸ் ரயில் 2006இல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தாராம். அந்த ரயிலும் 2019 ஆகஸ்டோடு நின்றுபோனது. அக்கா உங்களிடம் என்ன பேசினாள் என்று கேட்டேன். “பேரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள்” என்றார். பேரி என்றால் அந்தச் சின்னக் கிணறு. நான் தலையாட்டினேன். ஏதோ குடும்பப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் பாட்டில்களை வாங்கினார். முதல் பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தக் கழுவின தண்ணீரைத் தரையில் ஊற்றாமல் பக்கத்தில் இருந்த அலுமினியச் சட்டியில் ஊற்றினார். ஒரு குட்டி ஓடி வந்து நக்கியது. இரண்டாவது பாட்டிலுக்கும் அதே. தோளில் இருந்த துணியின் ஒரு முனையைப் பாட்டிலின் வாயில் வைத்து வடிகட்டி நிரப்பினார். துணியில் ஊறியதைப் பிழிந்து அதையும் சட்டியில் விட்டார். அவர் கையிலிருந்து மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை. இதெல்லாம் என் கண்முன்னாலேயே நடந்தது. நான் பார்த்தேன். இப்போதும் ஒவ்வொன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. ஆனால் அன்று அது எனக்கு எதையும் சொல்லவில்லை. கைப்பழக்கம் என்று நினைத்தேன்.

லோட்டாவில் கொடுத்ததைக் குடித்தேன். சுண்ணாம்பு கலந்த மாதிரி லேசாக வெளுத்திருந்தது. மண் வாசனையும் கொஞ்சம் ஆட்டு வாசனையும். ஆனால் உப்பு துளிகூட இல்லை, இனித்தது. பாலைவனத்தில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று ஒரு நொடி தோன்றியது. உடனே ஜவான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒரு லோட்டாவோடு நிறுத்திக்கொண்டேன். பணம் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கையைப் பிடித்து மடக்கி என் பையிலேயே வைத்தார். மூடியைப் போட்டுப் பூட்டினார். நான் சாலைக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சீல் வைத்த பாட்டில்

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கி.மீ. போயிருப்பேன். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. வாயை நனைத்துத் துப்பினேன், முகத்தில் தெளித்துக்கொண்டேன். வயிறு கெட்டு நடுவழியில் கிடப்பதாகக் கற்பனை ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கார் வந்து நின்றது. குஜராத் பதிவெண், ஒரு குடும்பம். தனியாகச் சைக்கிளில் போகிறவனைப் பார்த்து ஏதாவது வேண்டுமா என்று விசாரித்தார்கள். கார் ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். சில்லென்று, சீல் உடையாமல். அந்த அம்மா என் பாட்டிலைப் பார்த்து, இது என்ன இப்படிக் கலங்கி இருக்கிறது, இதைக் குடிக்காதே பையா என்றார். அவரும் அக்கறையாகத்தான் சொன்னார்.

கார் போனதும் என் இரண்டு பாட்டிலையும் திறந்து கவிழ்த்தேன்.

வேறு வழி இருந்தது. கேரியரில் பை தொலைந்துபோய் இடம் காலியாகத்தான் கிடந்தது. கடைப் பாட்டில்களை அங்கே கட்டியிருக்கலாம். தலையில் ஊற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு செடியின் அடியிலாவது விட்டிருக்கலாம். எதிர்க்காற்றில் இரண்டு கிலோ எதற்கு என்று அந்த நேரத்தில் தோன்றியது. பிரேமில் பிடிமானம் என் பாட்டிலுக்குத்தான் சரியாக இருக்கும், அதனால் நல்ல தண்ணீரை அதில் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. காரணங்கள் வரிசையாக வந்து நின்றன, எல்லாமே நியாயமாகவும் இருந்தன. சாலை ஓரத்தில் நின்றபடியே சாய்த்தேன். தண்ணீர் மணலில் விழுந்து குழி பறித்தது. ஓடவில்லை, தேங்கவில்லை. கடைசிச் சொட்டு விழும்போது முதலில் விழுந்த இடம் வெளிற ஆரம்பித்துவிட்டது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு நின்றது. கடைத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு அதையும் அலசி ஊற்றினேன்.

ராம்கரில் சொன்னது

ஐந்தரைக்கு ராம்கர் போய்ச் சேர்ந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் வழக்கம்போல நாலு பேர் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். அதில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். எல்லோரும் மாஸ்டர்ஜி என்றார்கள். இந்தியை மெதுவாக, இடையிடையே ஆங்கிலம் கலந்து பேசினார். பை தொலைந்த கதையைச் சொன்னேன். பெரியவர் தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். கொட்டியதைச் சொல்லவில்லை. எந்த இடம் என்று கேட்டார். தாழ்ந்த இடம், மரமூடிகள் என்றதும், “பேரித் தண்ணீரா கொடுத்தார்? எவ்வளவு?” என்றார். இரண்டு பாட்டில், அது போக ஒரு லோட்டா என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களிடம் அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்த்துகிற மாதிரிதான் பார்த்தார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் சொன்னதை முழுதாக எழுத வேண்டும், அவருக்கு நான் செய்யக்கூடியது அதுதான். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கச் சேர்த்து 200 மி.மீ. மழைகூடப் பெய்வதில்லை. நிலத்தடித் தண்ணீர் பல நூறு அடி ஆழத்தில், பல இடங்களில் உப்பு. ஆனால் சில இடங்களில் மட்டும் மணலுக்கும் அந்த உப்புத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு ஜிப்சம் அடுக்கு ஓடுகிறது. பெய்கிற மழை மணலில் இறங்கி அந்த அடுக்கின் மேல் நின்றுவிடும், கீழே உப்போடு சேராது. களிமண் என்றால் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பு வழியே ஈரம் ஆவியாகிப் போய்விடும். மணல் வெடிக்காது. துகள்கள் தனித்தனியாகக் கிடப்பதால் மேலே எவ்வளவு சுட்டாலும் அடியில் ஈரம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நேராகப் பிடிக்கும் மழைத் தண்ணீருக்குப் பாலர், ஆழத்துத் தண்ணீருக்குப் பாதாள், இரண்டுக்கும் நடுவில் மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஈரத்துக்கு ரேஜாணி என்று மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரத்துக்கென்று தனிப் பெயர் வைத்த ஊர் அது.

ஜிப்சம் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. கண்டுபிடித்து ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து தோண்டும் அளவுக்குக் குறுகலாக இறங்குவார்கள். வாய் குறுகலாக இருந்தால்தான் ஊறுகிற கொஞ்சத் தண்ணீரும் பரவிப்போகாமல் வாளிக்கு எட்டும் உயரத்துக்கு நிற்கும், வெயிலும் உள்ளே போகாது. மணல் சரியாமல் இருக்க ஒரு வகைப் புல்லைக் கயிறாகத் திரித்து உள்சுவரில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். கீழே இருப்பவனுக்கு மூச்சு முட்டும். அப்போது மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக உள்ளே வீசுவார்களாம். மணலோடு நல்ல காற்றும் கீழே இறங்கும். விழுகிற மணல் தலையைக் கிழிக்காமல் இருக்கத் தோண்டுகிறவன் உலோகத் தொப்பி போட்டுக்கொள்வான். இவ்வளவு செய்து கிடைப்பது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம். அதுவும் ஒரேயடியாகக் கிடைக்காது, ஊற ஊற எடுக்க வேண்டும். கடைசி மழை பெய்து ஐந்து மாதம் ஆன பிப்ரவரியில் அதுவும் குறைந்திருக்கும். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் ஊறுவதற்காக நின்றிருக்கிறார்.

இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு இதெல்லாம் குறைந்துவிட்டது என்றார் மாஸ்டர்ஜி. பஞ்சாபில் ஹரிகேயிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் ஓடி வருகிற தண்ணீர். 1958இல் வேலை ஆரம்பித்தது, ஜெய்சல்மேர் பக்கம் வந்து சேர எண்பதுகள் ஆயிற்று. கால்வாயை அவர் குறை சொல்லவில்லை. பெண்கள் குடம் சுமந்த தூரம் குறைந்தது என்றார். ஆனால் குழாய் எட்டாத டாணிகளும், அதாவது நாலைந்து வீடுகள் மட்டும் இருக்கும் குடியிருப்புகளும் உண்டு, குழாய் இருந்தும் தண்ணீர் வராத வாரங்களும் உண்டு. பழைய ஆட்கள் குடிக்க மட்டும் பேரித் தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு பேரியும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. பூட்டு திருட்டுக்குப் பயந்து போடுவதில்லை, யார் எவ்வளவு எடுப்பது என்ற ஒழுங்குக்காகப் போடுவது. “வழிப்போக்கன் வந்தால் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது” என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். இதை எழுதுவதற்குத்தான் எனக்கு இவ்வளவு நாளாயிற்று. எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் உப்பு. தேரி மணலில் இரண்டு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதற்குக் கீழே போனால் அதுவும் உப்பாகிவிடும். ஊற்று என்போம். அப்பத்தா விடிவதற்கு முன்னால் என்னையும் எழுப்பிக் கூட்டிப் போவாள். ஊற்றுக்குள் இறங்கிச் சிரட்டையால் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றுவாள். நாலு சிரட்டை எடுத்தால் வற்றிவிடும். குத்தவைத்துக் காத்திருப்பாள். நான் கரையில் உட்கார்ந்து தூங்கி விழுவேன். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். கை கழுவிய தண்ணீரை முருங்கை மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும், வேறு எங்கே ஊற்றினாலும் அடி விழும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது, அப்பத்தா போய்ச் சேர்ந்தாள், நான் ஊரைவிட்டு வந்தேன். ராமநாதபுரத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெய்கிறது. அந்த மழையில் கால் பங்குகூட இல்லாத மண்ணில் ஒருவர் எனக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டிய நிற்பு அது.

காலையில் மேற்கே திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். முப்பது கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, காற்றும் முதுகில் இருக்கும். போய் என்ன சொல்வது? தண்ணீர் கொடுத்தீர்கள், கொட்டிவிட்டேன் என்று சொல்லவா? சொன்னால் என் மனசு ஆறும், அவருக்கு என்ன கிடைக்கும்? கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் பணம் நீட்டியதைவிட மோசம். இப்படி யோசித்து யோசித்து எட்டு மணி ஆகிவிட்டது. சைக்கிளைக் கிழக்கே திருப்பினேன். திரும்பிப் போயிருக்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாவது வந்திருக்கலாம்.

மோகன்கர் பக்கம் கால்வாயைப் பார்த்தேன். கரை நிறையத் தண்ணீர், பச்சையாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். கடுகு வயல் மஞ்சளாகப் பூத்திருந்தது. பதினொரு நாள் மணலைப் பார்த்த கண்ணுக்கு அது அழகாகத்தான் இருந்தது. கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பேரியைப் பற்றி, கயிறு, லாரி டியூப் வாளி, சட்டியில் ஊற்றின கழுவுத் தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். நம்ம ஊத்து மாதிரியேதான் இருக்கு என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அப்புறம் கொட்டியதையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

“ஏய்யா, உனக்கு ரெண்டு பாட்டில் ரொப்பிக் குடுத்தாரே, அன்னைக்கு அவரு குடிக்க மிச்சம் வச்சிருந்தாரா?” என்று கேட்டாள்.

அந்த மண்பானையை அவர் ஆட்டிப் பார்த்தபோது அடியில் கேட்ட சத்தம் மட்டும் நினைவுக்கு வந்தது. கடுகு பூத்திருக்கிறது அம்மா, இங்கே எல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்றேன்.